கேள்வி – பதில்: கூட இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

கேள்வி: என் வீட்டுக்காரர் ராத்திரி ஒரு மணி வரைக்கும் மலையாளப் படம் பார்க்கிறார். நல்லவனாக இருந்தவன் கெட்டுச் சீரழிவதை இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதில் என்னதான் கிடைக்கிறது?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: என் அம்மாவும் இதையேதான் கேட்டார். 'கிரீடம்' பார்த்துவிட்டு வந்து நான் சாப்பிடாமல் படுத்த அன்றைக்கு, "காசு குடுத்து அழுதுட்டு வர்றியே" என்றார். லோகிததாஸ் எழுத்தில் சிபி மலயில் இயக்கி 1989-ல் வந்த படம் அது. மகன் எஸ்.ஐ. ஆக வேண்டும் என்பதுதான் போலீஸ்காரர் திலகனின் ஆசை. சந்தைத் தெருவில் ஒரு ரவுடி அவரை அடிக்கும்போது மகன் மோகன்லால் குறுக்கே பாய்ந்து திருப்பி அடிக்கிறான். அங்கே நாமும் அடித்திருப்போம், இல்லையா? அதனால்தான் அந்தப் படம் அப்படி வலிக்கிறது. அதற்கப்புறம் அவன் பழைய பையனாகத் திரும்பி வரப் பார்க்கிறான், ஊர் விடவில்லை. பயப்படுகிறவர்கள் ஒரு பக்கம், அவன் பெயரைச் சொல்லிப் பிழைக்கப் பார்க்கிறவர்கள் இன்னொரு பக்கம். கடைசியில் பெற்ற அப்பாவே மேலதிகாரி முன்னால் நின்று, இவன் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவன் என்று சொல்கிறார்.

இந்த மாதிரிப் படங்களில் நான் தேடுவது, எந்த இடத்தில் இவனைத் திருப்பியிருக்கலாம், அப்போது கூட இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை. அடுத்த முறை நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து அதை மட்டும் பாருங்கள்.

கேள்வி: சினிமாவில் கெட்டுப்போகிறவன் பெரும்பாலும் தாதா, இல்லாவிட்டால் அரசியல்வாதி. நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள் கெட்டுப்போவதை யாராவது எடுத்திருக்கிறார்களா?
– வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: எடுத்திருக்கிறார்கள். நம் பாலக்காடு ஜில்லா கூடல்லூர்க்காரர் எம்.டி. வாசுதேவன் நாயர் 1973-ல் இயக்கிய 'நிர்மால்யம்' பாருங்கள். வருமானமில்லாத ஒரு கோவில், அதில் அருள் வந்து ஆடும் வெளிச்சப்பாடு, அவர் வீட்டில் பசி. மகன் சாமியின் வாளையே விற்கப் பார்க்கிறான், மனைவி கடன்காரனிடம் போகிறாள். அதில் யாரையும் வில்லன் என்று கை நீட்ட முடியாது. வெளிச்சப்பாடாக நடித்த பி.ஜே. ஆண்டனிக்குத் தேசிய விருது கிடைத்தது.

அதைவிட என்னைத் தூங்கவிடாத படம் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'விதேயன்'. கேரளத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கர்நாடகப் பக்கம் போன தொம்மி, அங்கே மம்மூட்டி நடித்த பட்டேலர் என்ற பண்ணையாரிடம் சிக்குகிறான். தன் மனைவியைக் கெடுத்தவனுக்கே அடிமையாகிறான். அவள் மேல் வீசும் பட்டேலரின் அத்தர் வாசனை தனக்குப் பிடித்திருக்கிறது என்று அவன் சொல்கிற இடம் வரும். கொலை செய்கிற பட்டேலரை விட அந்த ஒரு பேச்சுதான் எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் அடிபட்டவனும் உள்ளே அழுகலாம் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் எனக்கு ஒரு நண்பன் இருந்தான், கூடப் படித்தவன். தென்னந்தோப்பு வழியாக சைக்கிளில் ஒரு மூட்டை ரேஷன் அரிசியை மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பதில் ஆரம்பித்தான், அப்பாவுக்கு மருந்து வாங்கக் காசில்லை, யாரும் தப்பென்று சொல்லவில்லை. அப்புறம் பைக், அப்புறம் ஒரு வேன். வீட்டுக்கு கிரைண்டர் வந்தது, எங்கிருந்து என்று அவன் அம்மா கேட்கவில்லை. அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு நானும் கேட்கவில்லை. ஒரு நாள் வேனோடு பிடிபட்டது அவன் தம்பி. "அவன் என்ன பண்றான்னு எனக்குத் தெரியாது சார்" என்று ஸ்டேஷனில் என் நண்பன் சொன்னபோது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அரிசி கடத்தியதை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு அவனோடு என்னால் பேச முடியவில்லை. இன்றைக்கு யோசித்தால் அவன் மேல் இருக்கும் கோபத்தில் பாதி என் மேல் இருக்க வேண்டியது.

கேள்வி: 'ஜோஜி' பார்த்தோம். அப்படிப்பட்ட அப்பாவுக்கு ஜோஜி செய்தது சரிதான் என்கிறார்கள் ஹாஸ்டல் நண்பர்கள். எனக்கு ஒப்பவில்லை, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை.
– கல்லூரி மாணவர், வாளையார்

பதில்: உங்களுக்கு ஒப்பாதது சரி, விட்டுக்கொடுக்காதீர்கள். ஷேக்ஸ்பியரின் மக்பெத்தைத் திலீஷ் போத்தன் 2021-ல் கோட்டயம் பக்கத்து ரப்பர் தோட்ட வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்பா கொடுமைக்காரர்தான், மகன்களை வளரவே விடவில்லை. ஆனால் ஜோஜி எப்போது கொல்கிறான் என்று கவனித்தீர்களா? அவர் அடிக்கும்போது அல்ல, பக்கவாதத்தில் படுத்து, மாத்திரைக்குக்கூட அடுத்தவர் கையை எதிர்பார்க்கும்போது, அந்த மாத்திரையை மாற்றி வைத்துக் கொல்கிறான். எதிர்த்துப் பேசத் தைரியமில்லாதவன் எதிர்க்க முடியாத உடம்பைத் தேர்ந்தெடுத்தான் என்று உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள். அப்புறம் அண்ணி பின்சியைப் பாருங்கள். அவள் எதையும் தன் கையால் செய்யவில்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கதை நடப்பது கொரோனா காலத்தில், மாமனாரின் சாவு வீட்டில் அவள் ஜோஜியிடம் சொல்வது, மாஸ்க் போட்டுக்கொண்டு வா என்பதுதான். எல்லாம் தெரிந்த ஒருத்தி பேசுகிற பேச்சு அது.

கேள்வி: என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். இந்தப் படங்களைக் காட்டலாமா?
– வாசகி, கோபாலபுரம்

பதில்: 'விதேயன்' இப்போது வேண்டாம். 'கிரீடம்' காட்டுங்கள், தனியாக அல்ல, அவன் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். முடிந்ததும் உடனே லைட்டைப் போடாதீர்கள், அவனாக ஏதாவது கேட்பான்.