நிறைமாத வயிறும் வன்னி வெயிலும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெக்கையைப் பற்றியவை. ஆச்சரியமில்லை. சித்திரை பிறந்த கையோடு சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வந்து நின்றுவிட்டுப் போனது. வைகாசி பிறந்தும் இரவில்கூடப் புழுக்கம் அடங்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு இரத்தத்தின் அளவே கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடும், இதயம் வேகமாக அடிக்கும். பிள்ளையின் உடம்புச் சூடும் தாயின் தோல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் வீட்டில் மற்றவர்களுக்குச் "சும்மா புழுக்கம்" என்று இருப்பது அவளுக்கு உண்மையிலேயே பாரம். முப்பது வருடத்துக்கு மேல் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது மிட்வைஃபாக, வன்னிக் கிராமங்களில் சைக்கிள் உழக்கியவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

ஏழரை மாதம். மூன்று நாளாக வெக்கை தாங்க முடியவில்லை. பிள்ளையின் அசைவும் குறைவாக இருக்கிறது. வெக்கைக்குப் பிள்ளையும் களைத்துப் போகுமா? – நெடுங்கேணி

பிள்ளை, இது கடிதம் எழுதுகிற விசயமே இல்லை. கடிதத்தைப் பிரித்த உடனே உங்களோடு தொலைபேசியில் கதைத்து, நீங்கள் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டீர்கள் என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். அசைவு குறைந்த மாதிரித் தோன்றினால் தண்ணீர் குடித்துவிட்டு, இடப்பக்கமாகச் சரிந்து படுத்து, வேறு வேலை பார்க்காமல் எண்ணுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் பத்து அசைவு வராவிட்டால் உடனே புறப்படுங்கள். அசைவே தெரியவில்லை என்றால் எண்ணிக்கொண்டும் இருக்க வேண்டாம். விடியட்டும், அவர் வேலையால் வரட்டும் என்று பார்க்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஏன் குறைந்தது, வெக்கையாலா வேறு எதனாலா என்று கண்டுபிடிப்பது ஆஸ்பத்திரியின் வேலை. போய்ச் சேர்வதுதான் உங்கள் வேலை.

எட்டு மாதம். பின்னேரத்தில் கால் இரண்டும் வீங்குகிறது. "தண்ணியைக் குறை, வீக்கம் வற்றும்" என்று மாமி சொல்கிறா. – விசுவமடு

மாமி உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறா. ஆனால் அது பிழை. தண்ணீரைக் குறைத்தால் கால் வற்றாது, இரத்தம்தான் தடிக்கும். இந்தக் காலத்தில் கால் வீங்குவது பெரும்பாலும் வயிற்றுப் பாரத்தாலும் வெக்கையாலும்தான். காலை உயர்த்திப் படுங்கள். நெடுநேரம் காலைத் தொங்கப்போட்டு இருக்க வேண்டாம். தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் அளவில் போகவேண்டும். ஒன்றரை லீற்றர்ப் போத்தல் இரண்டை நிரப்பி வையுங்கள், இரவு படுக்கப்போகும்போது இரண்டும் காலியாக இருக்கட்டும். தாகம் வரும்வரை காத்திருக்காதீர்கள். சிறுநீர் வைக்கோல் வெளுப்பில் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள், தேத்தண்ணி நிறத்தில் போனால் குடிக்கவில்லை.

முகமும் கையும் வீங்கினால், அல்லது தலையிடி, கண்ணில் மின்னல், நெஞ்சுக்குழியில் நோ வந்தால் அது வேறு கதை. அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும். 140-க்கு 90 என்றாலே பேசாமல் இருக்கிற அளவு இல்லை.

ஐஸ் தண்ணி குடித்தால் வயிற்றுப் பிள்ளைக்குச் சளி பிடிக்குமா? – தர்மபுரம்

பிடிக்காது. குடியுங்கள். கொதித்தாறிய தண்ணீரில் கட்டிய ஐஸாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

விசேட வைத்தியர் கிளினிக்குக்காகக் காலை ஆறு மணி பஸ் பிடிக்க வேண்டும். வழியிலும் அங்கேயும் மலசலகூடத்துக்குக் கஷ்டம் என்பதால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. இதனால் பிரச்சினை வருமா? – துணுக்காய்

வரும். இந்தக் கேள்வியை எழுதியதற்கு நன்றி. இதைப் பற்றிக் கதைத்துக் கதைத்தே எனக்கு வயது போய்விட்டது.

உங்கள் கணக்கைப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு மிடறு. விடியப் பாதித் தேத்தண்ணி. ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில், பாதி நேரம் நின்றபடி. பிறகு நம்பர் எடுத்து வரிசை. திரும்பி வீட்டுக்கு வர மத்தியானம் இரண்டு மணி. பதினெட்டு மணித்தியாலம்! நல்ல உடம்புக்காரனே வாடிப்போவான். உங்களுக்கு என்ன நடக்கும் என்று தெரியுமா? நீர் வற்றினால் கருப்பை இறுகத் தொடங்கும், மாதம் போதாமலே பிரசவக் குத்து வந்த மாதிரி இருக்கும். சிறுநீர் தடித்திருப்பதால் சோதனையில் புரதம் என்று காட்டி, இல்லாத வருத்தத்துக்கு வாட்டில் படுக்க வைப்பார்கள். அடக்கி அடக்கி வைத்தால் கிருமி ஏறும். கிருமி ஏறினால் குறைமாதப் பிரசவத்துக்கு அதுவே வழி.

நான் வேலை செய்த ஒரு கிளினிக்கில் மலசலகூடத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தது. திறப்பு உத்தியோகத்தர்களின் மேசை லாச்சியில். நிறைமாதப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து காதுக்குள் கேட்டாள், "மிஸ், எங்களைப் போக விடமாட்டினமோ?" என்று. அந்தக் குரல் இன்னும் எனக்குள் இருக்கிறது. அன்று நான் திறப்பை வாங்கிக் கதவில் தொங்கவிட்டேன். அடுத்த கிழமை திறப்பு பழையபடி லாச்சிக்குள். "அவையள் அழுக்காக்கிப்போடுவினம்" என்பதுதான் சொன்ன காரணம். தண்ணீர் வசதி இல்லாத கூடம் எப்படித் துப்பரவாக இருக்கும்? ஒரு பரல் தண்ணீரும் ஒரு வாளியும் வைத்தால் தீர்ந்திருக்கும் விசயத்துக்காக, எத்தனை பேர் உதடு காய்ந்து அந்த வாங்கில் இருந்தார்கள்! கர்ப்பிணிகளுக்கென்று கட்டிடம் திறக்கும்போது நாடா வெட்ட வருகிறவர்கள், மலசலகூடத்துக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வெட்டினால் எனக்குப் போதும். ஏ-9 வீதியில் ஓடுகிற பஸ்களையும் சொல்ல வேண்டும். தேத்தண்ணிக் கடைக்கு நிறுத்துகிறார்கள், வயிற்றோடு ஒருத்தி எழும்பிக் கேட்டால் "இன்னும் கொஞ்சத் தூரம்தான்" என்கிறார்கள்.

சரி, நீங்கள் செய்யவேண்டியது இது. தண்ணீரை நிறுத்தாதீர்கள். ஒரேயடியாகக் குடிக்காமல், பஸ்ஸில் கால் மணித்தியாலத்துக்கு ஒரு மிடறு, கிளினிக்குக்குப் போனதும் ஒரு முழுப் போத்தல். போய் இறங்கியதும் முதல் கேள்வியே "மலசலகூடம் எங்கே?" என்பதாக இருக்கட்டும். பூட்டியிருந்தால் திறப்பைக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தரமாட்டோம் என்றால் பொறுப்பான வைத்தியரிடம் நேரே சொல்லுங்கள், நாலு பேராகச் சேர்ந்து சொல்லுங்கள். வழியில் முட்டினால் பஸ்ஸை நிறுத்தி, ரோட்டோரத்து வீட்டுப் படலையைத் தட்டுங்கள். வன்னியில் பிள்ளைத்தாச்சிக்குப் படலை திறக்காத வீட்டை நான் காணவில்லை.

மூத்திரம் போகும்போது எரிகிறது. சூடு பிடித்துவிட்டது என்று இளநீரும் வெந்தயத் தண்ணியும் தருகிறார்கள். போதுமா? – பூநகரி

இளநீர் குடியுங்கள், நல்லது. ஆனால் எரிவு ஒரு நாளைக்கு மேல் நின்றாலோ, காய்ச்சல், நாரி நோ சேர்ந்து வந்தாலோ சூடு என்று சொல்லிக்கொண்டு இருக்கக்கூடாது. சிறுநீர்ச் சோதனை செய்யவேண்டும். கிருமி இருந்தால் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்து இருக்கிறது, ஒரு கிழமையில் மாறிவிடும். எங்கள் ஊரில் எல்லா வருத்தத்துக்கும் சூடு என்று பெயர் வைத்து ஆறப்போடுவதால்தான் பல பேர் பிந்தி வருகிறார்கள். பழைய மாத்திரை வீட்டில் இருக்கிறது என்று எடுத்துப் போடவும் வேண்டாம்.

தகரக் கூரை வீடு. மனைவிக்கு ஒன்பதாம் மாதம். மத்தியானம் உள்ளே இருக்க முடியவில்லை. மின்விசிறி போட்டாலும் அனல்தான். – கண்டாவளை

அக்கறையாகக் கேட்டிருக்கிறீர்கள் தம்பி. வெளிச்சூடு உடம்புச் சூட்டைத் தாண்டினால் மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் அள்ளி வீசும். தோல் ஈரமாக இருந்தால் மட்டுமே அது குளிர்ச்சி தரும். அதனால் கழுத்து, கை, கால் எல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். தகரத்துக்கு மேல் இரண்டடுக்குக் கிடுகு அல்லது பனையோலை பரவிக் கட்டுங்கள். அரை நாள் வேலை, உள்ளே இருக்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். வெயில் விழுகிற யன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிடலாம். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை அவ மர நிழலில் இருக்கட்டும். வேம்போ மாவோ எதுவானாலும் சரி. ஆனால் இரவில் முற்றத்தில் பாய் விரித்துப் படுக்க விடாதீர்கள். வெக்கைக் காலத்தில் தரையில் படுத்துப் பாம்பு கடித்து வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். கட்டிலும் நுளம்புவலையும் கட்டாயம். படுக்கும்போது நிமிர்ந்து படுக்காமல் பக்கவாட்டில் படுக்கச் சொல்லுங்கள்.

கர்ப்பச் சலரோகத்துக்கு இன்சுலின் போடுகிறேன். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. – முழங்காவில்

பாவிக்கிற போத்தல் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு வெளியே இருக்கலாம், ஆனால் 30 பாகையைத் தாண்டாத இடத்தில். இந்த மாதத்தில் அப்படி ஒரு இடம் உங்கள் வீட்டில் தானாக இருக்காது. பெரிய மண்பானையில் பாதிக்கு மணல் போட்டு, நடுவில் சின்ன முட்டி ஒன்றை வைத்து, சுற்றியுள்ள மணலைக் காலையும் மாலையும் நனையுங்கள். போத்தலைப் பொலித்தீன் பையில் கட்டி முட்டிக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றுப் படுகிற நிழலில் வையுங்கள். திறக்காத போத்தலை அயல்வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், ஐஸ் கட்டும் தட்டில் மட்டும் வேண்டாம். உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. தெளிவாக இருக்கவேண்டிய மருந்து கலங்கினாலும் பாவிக்காதீர்கள். உங்களுக்கு இளநீர், கருப்பநீர், சர்பத் எல்லாம் சீனிக் கணக்கில் சேரும். தாகத்துக்கு வெறும் தண்ணீரும் உப்புக் குறைந்த மோரும்தான்.

ஆறு மாதமோ ஏழோ தெரியவில்லை. பிரஷருக்கு வெள்ளை மாத்திரை தந்தார்கள். வெயில் காலத்தில் அதை நிறுத்தலாமா? – ஊர் எழுதவில்லை

நிறுத்தவே கூடாது. மாதம் தெரியாது, மருந்தின் பெயர் தெரியாது, கடைசியாகப் பார்த்த பிரஷர் எவ்வளவு என்றும் எழுதவில்லை. கிளினிக் அட்டையில் மூன்றும் இருக்கிறது. அட்டையைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். வெள்ளை மாத்திரை நூறு வகை இருக்கிறது, அம்மா. நாளைக்கே உங்கள் பகுதி மிட்வைஃபிடம் அட்டையைக் கொண்டுபோங்கள்.

வேர்க்குரு போட்டு உடம்பெல்லாம் கடிக்கிறது. – ஓமந்தை

பருத்தி உடுப்பு, இரண்டு நேரக் குளிப்பு, கலமைன் பூச்சு. ஆனால் குரு ஒன்றும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் கடித்தால் அது வேர்க்குரு இல்லை. ஈரலில் பிழை இருக்கலாம், பிள்ளையைப் பாதிக்கும். இரத்தச் சோதனை கேளுங்கள்.

மிளகாய் பிடுங்கும் கூலி வேலைக்கு ஏழாம் மாதத்திலும் போகிறேன். விட்டால் சாப்பாட்டுக்குக் கஷ்டம். – அக்கராயன்

விட்டுவிடு என்று எழுத எனக்கு மனம் வராது. அப்படி எழுதினால் உலை எரியாது என்று தெரியும். விடிய ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிக்கக் கேளுங்கள், பின்னேரம் நாலுக்குப் பிறகு மீதி. ஒவ்வொரு அரை மணித்தியாலமும் நிழலுக்கு வந்து ஒரு கோப்பை தண்ணீர். அதிகமாக வியர்த்த நாளில் பழஞ்சோற்றுத் தண்ணீர், மோர். சத்தி, வயிற்றோட்டம் என்றால் ஜீவனி என்கிற உப்புக் கரைசல் பக்கற் ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பக்கற், அரைக் கோப்பை என்று கண்மட்டத்தில் கரைக்க வேண்டாம். கிளினிக்கில் தருகிற திரிபோஷாச் சத்துமாவை வீட்டில் எல்லோரும் பகிராமல் நீங்களே சாப்பிடுங்கள். தலைச்சுற்று, கால் பிடிப்பு வந்தால் அன்றைய வேலை முடிந்தது. மயங்கி உளறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ கூட இருப்பவர்கள் இடப்பக்கம் சரித்து, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990-ஐ அழைக்க வேண்டும். பனடோல் அந்தச் சூட்டைக் குறைக்காது. உங்கள் நிலைமையை மிட்வைஃபிடமும் கிராம அலுவலரிடமும் சொல்லி வையுங்கள். கர்ப்பவதிகளுக்கான போசாக்கு உதவியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நேர்த்தி. எட்டரை மாதத்தில் நடந்து போகலாமா? – முள்ளியவளை

நடக்க வேண்டாம். வாகனத்தில், வெயில் தாழ்ந்த பிறகு, கிளினிக் அட்டையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போய்க் கும்பிட்டுவிட்டு, நெரிசலுக்குள் நிற்காமல் திரும்புங்கள். நடை நேர்த்தியைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வருடம் தீர்க்கலாம். மடுத் திருவிழாவுக்குக் காட்டில் கொட்டில் போட்டுத் தங்கப் போகிறோம் என்று எழுதியவருக்கும் இதே பதில்தான்.

நுங்கு, வெள்ளரிப்பழம், வத்தகப்பழம் சாப்பிடலாமா? – புளியங்குளம்

தாராளமாக. ரோட்டோரத்தில் வெட்டி வைத்ததை வாங்காமல், முழுப் பழமாக வாங்கி வீட்டில் கழுவி வெட்டுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்து இரும்புச் சத்து மாத்திரையை வீணாக்காதீர்கள்.

உள்ளாடை அடிக்கடி நனைகிறது. வியர்வையா, பன்னீர்க்குடமா என்று எப்படி அறிவது? – மல்லாவி

சிறுநீர் கழித்து, கழுவித் துடைத்து, காய்ந்த வெள்ளைத் துணி வைத்து அரை மணித்தியாலம் நடந்து பாருங்கள். துணி திரும்ப நனைந்து, சிறுநீர் மணம் இல்லாவிட்டால் பன்னீர்க்குடமாகத்தான் இருக்கும். குத்து இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பச்சையாகவோ இரத்தம் கலந்தோ வந்தால் துணி வைத்துப் பார்க்கவே வேண்டாம், நேரே அம்புலன்ஸ். சந்தேகமாகவே இருந்தாலும் போய்க் காட்டுங்கள். வியர்வைதான் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் உங்களுக்கு நட்டம் பஸ் காசு மட்டும்தான்.