போனா, டவரா, சித்தப்பாவின் பீடியா?

கேள்வி: என் சித்தப்பா போன வருடம் மூளையில் கட்டி வந்து 58 வயதில் இறந்துபோனார். வெற்றிலை, பீடி தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லை. எந்நேரமும் போனில் பேசுவார், வீட்டுக்குப் பக்கத்தில் டவரும் இருக்கிறது. இப்போது என் 13 வயது மகனும் தலைவலி என்கிறான். சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடட்டுமா, டொக்டர்? (வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: "பீடி தவிர" என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன். பெரியவர்களின் மூளையில் காணும் புற்றுநோய்க் கட்டிகளில் அங்கேயே முளைத்தவற்றைவிட நுரையீரல், மார்பகம், சிறுநீரகம் என்று வேறு இடத்தில் தொடங்கி இரத்தத்தோடு வந்து சேர்ந்தவைதான் அதிகம். ஆஸ்பத்திரியில் கொடுத்த சித்தப்பாவின் டயக்னோசிஸ் கார்டை எடுத்துப் பாருங்கள், கட்டி எங்கே தொடங்கியது என்று அதில் எழுதியிருக்கலாம். நுரையீரல் என்றிருந்தால் போனையும் டவரையும் விட்டுவிடுங்கள், வீட்டில் இன்னும் யார் பீடி குடிக்கிறார் என்று பாருங்கள்.

போன் அலைகளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011இல் 'காரணமாக இருக்கக்கூடும்' என்ற பிரிவில் போட்டது உண்மை. கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது! அதே அமைப்பு கேட்டுச் செய்வித்து 2024இல் வந்த பெரிய மீளாய்வில் போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை.

உறுதியாகத் தெரிந்த காரணம் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு, அதிலும் சின்ன வயதில் தலைக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கு. சிடியும் எக்ஸ்ரேதான். ஒரு ஸ்கேனால் வரும் ஆபத்து மிகச் சிறியது, தேவையென்று டொக்டர் சொன்னால் தயங்க வேண்டாம், ஆனால் உங்கள் மனசு ஆறுவதற்காகப் பிள்ளையின் தலைக்கு எடுக்காதீர்கள். எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கதிர் இல்லை.

பரம்பரையாக வருவது அபூர்வம். மகனின் உடம்பில் பால்கோப்பி நிறத்தில் ஆறு ஏழு தட்டையான திட்டுகள் இருந்தால் மட்டும் காட்டுங்கள், அது நரம்பில் கட்டி வரும் ஒரு பரம்பரை நோயின் அடையாளமாக இருக்கலாம்.

சரி, அவனுக்கு எப்போது வலிக்கிறது? டியூஷன் முடிந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த பிறகு என்றால் தண்ணீர், நித்திரை, கண் பரிசோதனை, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். விடியற்காலையில் வலியோடு எழும்பி வாந்தி எடுத்தால், நடை தள்ளாடினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், வலிப்பு வந்தால், பனடோல் கொடுத்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அந்த டயக்னோசிஸ் கார்டில் என்ன இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.