எக்கோ சவுண்டர் போர்டுக்கு சிப் ரெசின் பூசலாமா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகு வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: உப்புக் காற்றில் எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பிக் கடலாழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் கருவி) போர்டு அரித்துக்கொண்டே போகிறது. சிப் தயாரிப்பில் போடுகிற பென்சோசைக்ளோபியூட்டீன் ரெசினைப் பூசினால் ஆயுசுக்கும் ஈரம் ஏறாது என்று ஒரு ஏஜென்ட் பாட்டிலோடு வந்திருக்கிறார், வாங்கலாமா?

வாங்காதீர்கள்.

அந்தப் பெயரில் சரக்கு நிஜமாகவே இருப்பதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பென்சோசைக்ளோபியூட்டீன் 8 கார்பனும் 8 ஹைட்ரஜனும் சேர்ந்த அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன். அதிலிருந்து செய்யும் ரெசின் ஈரத்தை அதிகம் உறிஞ்சாது, சிப்புக்குள் கம்பி அடுக்குகளுக்கு நடுவே மின்காப்புப் படலமாக நன்றாக வேலை செய்யும். ஆனால் அது இறுகுவதற்கு நைட்ரஜன் நிரப்பிய அடுப்பில் சுமார் 250 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். உங்கள் போர்டில் பாகங்களை ஒட்டவைத்திருக்கும் பழைய ஈயப் பற்று (சால்டர்) 183 டிகிரியிலேயே உருகிவிடும், ஈயமில்லாததும் 217-ஐத் தாண்டினால் இளகிவிடும், அப்புறம் ரெசின் இறுகுவதற்குள் பாகங்கள் கழன்று நிற்கும். சூடு காட்டாமல் விட்டால் அது இறுகவே இறுகாது. அப்படியானால் வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று அவர் விற்பது என்ன? சாதாரண வார்னிஷாகத்தான் இருக்கும். பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, பாதுகாப்புத் தகவல் தாள், ஜிஎஸ்டி பில் நான்கையும் கேளுங்கள். இந்த ரெசினில் ஒளி பட்டு வேலை செய்யும் ரகத்தை ஃப்ரீசரில்தான் வைக்க வேண்டும், இந்த வெயிலில் எதில் வைத்துக் கொண்டுவந்தார் என்றும் கேளுங்கள்.

அரசு மானியத்தில் கருவியைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், உப்பில் அதை எப்படிக் காப்பது என்று ஒரு நாள் வந்து சொல்லித்தர ஆளில்லை. இந்த ஏஜென்டுகள் நுழைவதே அந்த ஓட்டை வழியாகத்தான்.

உங்களுக்குப் போதுமானது எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்ப்ரே, அதாவது போர்டு மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் போடும் ஸ்ப்ரே. பேட்டரி வயரைக் கழற்றி, போர்டை டிஸ்டில்டு வாட்டரும் மென்மையான பிரஷ்ஷும் வைத்துக் கழுவி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து முழுக்கக் காயவிட்டு அடியுங்கள். உப்பு மேலேயே அடித்தால் அடியில் அரிப்பு தொடரும்.

ஒரு இடத்தில் மட்டும் ஸ்ப்ரே படவே கூடாது: பிளக் சொருகும் இடங்கள். டிரான்ஸ்டூசர் (தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) சாக்கெட், ஆன்டெனா சாக்கெட், ஃபியூஸ் பிடி, பட்டன்களின் அடிப்பகுதி எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். மூடியதை இன்னொரு தடவை பாருங்கள். சாக்கெட்டுக்குள் படலம் ஏறினால் மின்தொடர்பே கிடைக்காது, கருவி போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்க ஓடுவீர்கள். வாரன்டி இருந்தால் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

ஏஜென்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால், பணம் அனுப்பிய பதிவைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-க்கு உடனே அழையுங்கள்.