ஷிராஸ் குடித்தால் என்னவென்று சொல்வது?

கப்பல் உணவகத்தில் ஒயின் பரிமாறிவிட்டு ஊர் திரும்பிய நாகர்கோவில் அண்ணாச்சியிடம், ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினைப் பற்றிப் பல ஊர்க்காரர்கள் கேட்டவை.

மார்த்தாண்டம்: அண்ணாச்சி, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் ஒயின் கெட்டியா, இனிப்பா இருக்குமே. அதுதானே ஃபுல் பாடி?

இல்லை தம்பி. பரணியில் அள்ளிப்போட்ட சீனியின் வேலை அது. ஷிராஸில் பெரும்பாலும் இனிப்பே இருக்காது. ஃபுல் பாடி என்றால் வாயில் தெரியும் கனம். அதைத் தருவது ஆல்கஹாலும் பழத்தோலிலிருந்து இறங்கும் சத்தும்தான். ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸில் 14, 15 சதவீதம் ஆல்கஹால் சாதாரணம். ஈறு வறண்டு துவர்த்தால் அது டானின் என்ற துவர்ப்புப் பொருள். அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

குலசேகரம்: மிளகு மணம் வரும் என்கிறார்கள். வீட்டிலேயே மிளகுக்கொடி இருக்கு, ஆனா கிளாஸில் எனக்கு எதுவும் வரலியே?

மூக்கைக் குறை சொல்லாதீர்கள். நல்லமிளகிலும் ஷிராஸிலும் இருப்பது ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள். இந்தத் தொடர்பை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது மணக்கவே மணக்காது. உங்கள் ஒயினிலேயே குறைவாக இருந்திருக்கவும் கூடும். குளிர்ந்த இடத்துத் திராட்சையில்தான் அது தூக்கலாக இருக்கும், வெயில் காய்ந்த பரோசாவில் பழம்தான் முன்னால் நிற்கும். வராத மிளகை எழுதாதீர்கள். ஞாவல்பழம், அதிமதுரம், எது வந்ததோ அது போதும். கிராம்பு, வனிலா, ஏன் தேங்காய் மணம்கூட வரலாம். அதெல்லாம் ஒயினை ஊறவைக்கும் ஓக் மரப் பீப்பாய் கொடுப்பது. தேங்காய் தூக்கலாக இருந்தால் அமெரிக்க ஓக் என்று நான் ஊகிப்பேன்.

தக்கலை: சிரா வேறு, ஷிராஸ் வேறா?

ஒரே திராட்சை. பிரான்சில் சிரா, ஆஸ்திரேலியாவில் ஷிராஸ்.

கருங்கல்: ஜி.எஸ்.எம். என்று போட்ட பாட்டில் கிடைச்சுது. கலப்படமா?

கலப்படம் இல்லை, கலவை. கிரெனாஷ், ஷிராஸ், மூர்வெத்ர் என்ற மூன்று திராட்சைகளும் சேர்ந்தது. கிரெனாஷ் சிவப்புப் பழச் சுவையும் மென்மையும் தரும், ஷிராஸ் நிறமும் வாயில் கனமும், மூர்வெத்ர் துவர்ப்பும் இறைச்சி வாடையும். மூன்றையும் பிரித்துக் காட்டுகிறேன் என்று யாராவது சவால் விட்டால் நான் நம்பமாட்டேன்.

குளச்சல்: அண்ணே, நெய்மீன் குழம்போடு சேருமா?

வேண்டாம் மோளே. சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்தால் கவிச்சி ஏறும். தேங்காய்க்கொத்து போட்டு வரட்டின மாட்டிறைச்சி இருந்தால் எடுங்கள். அப்புறம், நம்மூர் சூட்டில் பாட்டிலை வெளியே வைத்து அப்படியே ஊற்றினால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். 16 முதல் 18 டிகிரி சரியாக இருக்கும்.