கேஸ்9-ஐ எந்த நேரத்தில் அடக்குவது?

கேள்வி: எச்.இ.கே 293டி என்ற ஆய்வக மனிதச் செல்களில், டி.என்.ஏ-வை வெட்டும் கேஸ்9 புரதத்தையும், எங்கே வெட்டுவது என்று அதற்குக் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ-வையும் சேர்த்து எலக்ட்ரோபொரேஷன் (மின்துடிப்பால் செல்லுக்குள் செலுத்துவது) மூலம் செலுத்துகிறேன். குறித்த இடத்தில் திருத்தம் நன்றாக விழுகிறது. அதைப் போன்ற வரிசையுள்ள இன்னோர் இடத்திலும் வெட்டு விழுகிறது. கேஸ்9-ஐ அடக்கும் எதிர்-கிரிஸ்பர் புரதம் (ஏசிஆர்) உதவுமா? எப்போது, எவ்வளவு?

பதில்: உதவும். ஆனால் அளவைவிட நேரம்தான் இதில் பெரிது.

கேஸ்9 அடங்கிய கிரிஸ்பர் என்பது பாக்டீரியாவின் காவல்; அதை முறியடிக்க, பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்கள் வைத்திருக்கும் ஆயுதம் இந்தப் புரதங்கள். உங்களுக்கு ஏற்றது லிஸ்டீரியாவில் கிடைத்த ஏசிஆர் 2ஏ4. மொத்தம் 87 அமினோ அமிலங்கள்தான். டி.என்.ஏ போல வேடமிட்டு, கேஸ்9 'பாம்' வரிசையை (வெட்டும் இடத்தை ஒட்டி டி.என்.ஏ-வில் இருக்க வேண்டிய சிறு அடையாள வரிசை) பிடிக்கும் இடத்தில் இது உட்கார்ந்துகொள்கிறது. அதனால் டி.என்.ஏ-வை ஏற்கெனவே பற்றிக்கொண்ட கேஸ்9-ஐ இதனால் விலக்க முடியாது. விழுந்த வெட்டையும் திருப்ப முடியாது.

சரியான இடத்தில் வெட்டு சீக்கிரம் விழும், தவறான இடத்தில் மெதுவாகச் சேரும். இந்த இடைவெளியில்தான் தடுக்க வேண்டும். மனிதச் செல்களில் இது பலிக்கும் என்று 2017-இலேயே காட்டிவிட்டார்கள். சீக்கிரம் சேர்த்தால் நல்ல திருத்தமும் குறையும். தாமதித்தால் பயனே இருக்காது. உங்கள் வழிகாட்டிக்குரிய நேரத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்: 0, 3, 6, 12, 24 மணி என்று ஐந்து தொகுதி வையுங்கள். இரண்டாம் முறை எலக்ட்ரோபொரேஷன் செய்தால் செல்கள் நிறையச் சாகும், அதனால் ஏசிஆர் புரதத்தைச் செல்லே உருவாக்கிக்கொள்ளும்படி அதன் எம்.ஆர்.என்.ஏ-வை லிப்பிட் மூலம் கொடுங்கள். 24 குழிப் பிளேட்டில் குழிக்கு 500 நானோகிராமில் தொடங்கலாம். எம்.ஆர்.என்.ஏ-வுக்குப் பதில் பிளாஸ்மிட் (வட்ட டி.என்.ஏ) என்றால் புரதம் உருவாக இன்னும் நேரமாகும், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஏசிஆர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கட்டுப்பாட்டுத் தொகுதி கட்டாயம் வேண்டும். 50 பிகோமோல் கேஸ்9-உடன் முதலில் வழிகாட்டியைச் சேர்த்து, பிறகு 250 பிகோமோல் ஏசிஆர் புரதத்தைக் கலந்து 10 நிமிடம் வைத்துச் செலுத்துங்கள். இங்கே பலர் எடையில் தவறுகிறார்கள்: கேஸ்9 சுமார் 8 மைக்ரோகிராம், ஏசிஆர் சுமார் 2.5 மைக்ரோகிராம்தான். இதில் திருத்தம் ஏறக்குறைய பூஜ்யமாக வேண்டும். ஆகாவிட்டால் புரதம் கெட்டிருக்கும், அல்லது உங்களிடம் இருப்பது வேறு பாக்டீரியாவின் கேஸ்9. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கேஸ்9-ஐ 2ஏ4 தடுக்காது.

72 மணியில் செல்களை எடுத்து, இரண்டு இடங்களையும் ஆம்ப்ளிகான் சீக்வென்சிங்கில் (அந்தப் பகுதியை மட்டும் பெருக்கி வரிசையைப் படிப்பது) பாருங்கள். திருத்தத்தை நொதியால் கண்டறியும் டி7 எண்டோநியூக்ளியேஸ் சோதனை ஒரு சதவீதத்துக்குக் கீழே எதையும் காட்டாது. தவறான வெட்டு ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.