வன்னி முற்றத்தில் பெட்டூனியா: கேள்வி பதில்

கிளிநொச்சியிலிருந்து: சித்திரையில் நுவரெலியா போய்வந்தபோது பெட்டூனியாப் பூச்செடி வாங்கிவந்தேன் அக்கா. வைகாசியில் கருகிவிட்டது. என் கைராசி சரியில்லையா?

கையைக் குறை சொல்லாதீர்கள் தங்கச்சி. வைகாசியில் இங்கே யார் வைத்தாலும் கருகும். அதற்கு நாளுக்கு 5, 6 மணித்தியால வெயிலும் வேண்டும், குளிர்ந்த இரவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து நமக்குக் கிடைப்பது தை, மாசியில்தான். ஐப்பசியில் விதை போட்டால் 10 முதல் 12 கிழமையில் பூக்கும். அதற்குள் மாரியும் ஓய்ந்துவிடும்.

மாங்குளத்திலிருந்து: விதை போட்டு இரண்டு கிழமையாகியும் முளைக்கவில்லை.

மண்ணால் மூடினீர்களா? ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 விதைகள், வெறும் தூள் மாதிரி. முளைக்க வெளிச்சம் வேண்டும். நான் தும்புத்தூளும் அரித்த மாட்டெருவும் கலந்து தட்டில் பரப்பி, முதலே நனைத்துவிடுவேன். மடித்த கடதாசியில் விதையோடு ஒரு சிட்டிகை உலர்ந்த மணலைக் கலந்து, விரலால் தட்டித் தட்டித் தூவுவேன். அவ்வளவுதான், மேலே மண் போடுவதில்லை. தண்ணீரை மேலால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். தட்டைத் தண்ணீரில் வைத்து அடியால் ஊற விடுங்கள். தூவானம் படாத, வெளிச்சமுள்ள தாழ்வாரம் நல்லது. ஒரு கிழமை, பத்து நாளில் பச்சைப் புள்ளிகள் தெரியும். அந்த நாள் எனக்கு இன்றைக்கும் திருவிழாதான்!

வவுனியாவிலிருந்து ஓர் ஐயா: தளிர் இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. யூரியா போடலாமா?

வேண்டாம் ஐயா. யூரியா கூடினால் இலை தள்ளும், பூ குறையும். உங்கள் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிறதா? பிடித்தால் கிணற்று நீரில் சுண்ணாம்பு கூட. அதை ஊற்ற ஊற்ற மண் காரமாகிவிடும். பிறகு மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. மழைநீரைப் பீப்பாயில் பிடித்து இந்தச் செடிக்கென்று வையுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து: தண்டு நீண்டு, நுனியில் மட்டும் பூக்கிறது.

நீண்ட தண்டைப் பாதியாக வெட்டுங்கள், பக்கக் கிளை வரும். வாடிய பூவின் இதழை மட்டும் இழுக்காமல், அடியிலுள்ள பச்சைக் காயோடு கிள்ள வேண்டும். விதை பிடித்தால் பூ குறைந்துவிடும். கை பிசுபிசுக்கும், பயப்பட வேண்டாம். புகையிலை, கத்தரி, மிளகாய்க் குடும்பம் இது. அதனால் கத்தரி வாடிச் செத்த மண்ணில் இதை வைக்காதீர்கள்.

மறுபடி கிளிநொச்சித் தங்கச்சி: அப்போ கச்சான் காற்றுக் காலத்தில் முற்றம் வெறுமைதானா?

ஏன் வெறுமை? பட்டிப்பூவும் காகிதப்பூவும் இருக்கின்றனவே. காகிதப்பூவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் இலைதான் மிஞ்சும். இலை லேசாகச் சோரும்வரை பொறுத்து ஊற்றுங்கள்.