நெளி நிமிர்ந்து நிற்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்: அட்டையிலும் காகிதத்திலும் வீட்டுச் சாமான்கள்

அட்டைப்பெட்டிகளை அடுக்கி மூன்று கொலுப்படி கட்டினேன். மேலே அட்டை போட்டு வேட்டி விரித்தேன். நான்காம் நாளே நடுப்படி தொட்டில் மாதிரி குழிந்து, மண் பொம்மைகள் சாய்ந்துவிட்டன. அட்டை அவ்வளவுதான் தாங்குமா? – ஒரு வாசகி, மயிலாப்பூர்

அட்டை தாராளமாகத் தாங்கும். பெட்டியை அப்படியே படியாக்கியதில்தான் கோளாறு. பெட்டியின்மேல் வரும் சுமையில் பெரும்பங்கை நான்கு மூலைகளே வாங்கிக்கொள்கின்றன. நடுவில் இருக்கும் மூடிக்கு அடியில் ஒன்றுமே இல்லை. பொம்மையை நீங்கள் வைத்ததோ அந்த நடுவில்.

ஒரு துண்டு அட்டையை வெட்டி, வெட்டுமுனையை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே ஒரு தாள் அலை அலையாக ஓடும். அதுதான் நெளி. ஒவ்வொரு நெளியும் ஒரு சின்னக் குழாய். குழாய் நிமிர்ந்து நின்றால் சுமை அதன் நீளவாக்கில் இறங்கும், அட்டை அசையாது. குழாய் படுத்திருந்தால் அதே அட்டையை விரலாலேயே நசுக்கிவிடலாம். அட்டைச் சாமான் எதைச் செய்தாலும் முதல் கோடு போடுவதற்கு முன் நெளி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

படிக்கு 5 பிளை அட்டை (தட்டையும் நெளியுமாக ஐந்து தாள் சேர்ந்தது) போதும், கனம் ஏறக்குறைய 7 மி.மீ. இருக்கும். 25, 50, 75 செ.மீ. உயரத்தில் மூன்று தனிக்கூடுகள் செய்து ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். ஒவ்வொன்றும் 120 செ.மீ. நீளம், 25 செ.மீ. ஆழம். ஒரு கூட்டுக்கு நீளப்பலகை 2, குறுக்குப்பலகை 6. எல்லாவற்றிலும் நெளி செங்குத்தாக இருக்கவேண்டும். நீளப்பலகையில் ஓரத்தில் 10 செ.மீ. விட்டு, 20 செ.மீ.க்கு ஒரு காடியாக (மற்றப் பலகை இறங்கும் பிளவு) ஆறு காடிகளை மேலிருந்து பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். குறுக்குப்பலகையில் இரு முனையிலும் 4 செ.மீ. தள்ளி, கீழிருந்து பாதி உயரத்துக்கு ஒரு காடி. இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று இறக்கினால் முட்டை அட்டை மாதிரி கட்டம் கட்டமாக நிற்கும். காடியின் ஆழம் பாதிக்குமேல் 2 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பலகைகள் மட்டமாக உட்காராமல் ஒன்று தூக்கி நிற்கும், சுமை முழுவதும் அந்த ஒன்றின் தலையிலேயே விழும். காடியின் அகலம் சரியாக அட்டையின் கனம்தான். கூடினால் கூடு ஆடும், குறைந்தால் பலகையைத் திணிக்கும்போது நெளி நசுங்கும். 75 செ.மீ. கூட்டுக்கு மட்டும் நடுவில் மூன்றாவது நீளப்பலகை சேருங்கள். உயரமான அட்டை வயிறு தள்ளி வளைவதை அது பிடித்துக்கொள்ளும்.

மேற்தட்டுக்கு இரண்டு அட்டைகள். ஒன்றின் நெளி நீளவாக்கிலும் மற்றதன் நெளி குறுக்குவாக்கிலும் வரும்படி ஒட்டுங்கள். பெரிய பொம்மைகள் குறுக்குப்பலகைக்கு நேர்மேலே வரட்டும், இடத்தைப் பென்சிலால் குறித்துவைத்தால் வேட்டி விரிக்கும்போது குழப்பம் வராது. கலசத்தில் தண்ணீர் இருப்பதால் அதற்கு அடியில் ஒரு தாம்பாளம் அவசியம். விளக்கைப் படியில் ஏற்றவே கூடாது. தரையில் மனை போட்டு, வேட்டியின் தொங்கல் எட்டாத தூரத்தில் வையுங்கள்.

7 பிளை அட்டையில் ஸ்டூல் செய்தேன். கோடையில் 70 கிலோ ஆள் உட்கார்ந்தும் அசையவில்லை. ஐப்பசி பிறந்ததும் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மேலே வார்னிஷ்கூட அடித்திருக்கிறேனே? – ஒரு வாசகர், வேளச்சேரி

ஸ்டூலைக் கவிழ்த்து, இறங்கிய பக்கத்தின் அடிவிளிம்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி அமுங்கும். தாள்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும், நெளிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். மழை வீட்டுக்குள் வரவேண்டிய அவசியமே இல்லை. தினமும் தரை துடைக்கும் ஈரம் போதும். நிமிர்ந்து நிற்கும் நெளி சுமைக்கு எவ்வளவு நல்லதோ, தண்ணீருக்கும் அவ்வளவு வசதி. விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவது போல வெட்டுமுனை தண்ணீரை மேலே ஏற்றும். நீங்கள் வார்னிஷ் அடித்தது முகத்தில். தண்ணீர் ஏறியது அடியில்.

இதைத் தவிர சென்னைக் காற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு ஏறினால் அட்டைப்பெட்டியின் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் இங்கே காற்று அந்தப் பக்கம்தான் இருக்கும். போதாததற்கு, சுமை நிரந்தரமாக நின்றால் அட்டை தானாகவே தளரும். ஒரு மாதம் அசையாமல் நிற்கும் சுமையின்கீழ் தாங்குதிறனில் சுமார் 40 சதவீதம் போய்விடும் என்பது பெட்டித் தொழிலில் போடுகிற கணக்கு. ஆகையால் மே மாதத்தில் 70 கிலோ தாங்கிய ஸ்டூல் நவம்பரில் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. 70 கிலோ ஆளுக்கு 150 கிலோ தாங்கும்படி செய்யுங்கள்.

உங்கள் ஸ்டூலைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. இரண்டு நாள் மின்விசிறிக்கு அடியில் கவிழ்த்து உலர்த்துங்கள். சுற்றிலும் ஒரே உயரத்தில் கோடு போட்டு, நொந்துபோன 3 செ.மீ. பகுதியை மெல்லிய பல் ரம்பத்தால் மட்டமாக அறுத்து எடுங்கள். புதிய விளிம்பில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷை மூன்று முறை தடவுங்கள், ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. தண்ணீர் கலந்த வார்னிஷை முதல் பூச்சாகப் போட்டால் அதன் ஈரத்திலேயே அட்டை வளையும். பாலிஷ் காய்ந்தபின் 5 செ.மீ. அகல கிராஃப்ட் என்னும் பழுப்புத் தாளை வெட்டுமுனையைச் சுற்றி இரு பக்கமும் மடித்து ஒட்டுங்கள். அதற்கும் கீழே 12 மி.மீ. மரச்சட்டம், அதன் மூலைகளில் ரப்பர் புஷ். தரைக்கும் அட்டைக்கும் நடுவே குறைந்தது 15 மி.மீ. இடைவெளி வந்துவிடும்.

புதிதாகச் செய்வதாக இருந்தால் 35 செ.மீ. சதுரம், 42 செ.மீ. உயரம் நல்ல அளவு. 7 பிளையில் திசைக்கு 4 வீதம் 8 பலகைகளைக் காடியில் கோத்து, மேலே நெளி மாற்றி ஒட்டிய இரண்டு தட்டுகள். பலகைகளை எண்ணிக்கையில் கூட்டுங்களே தவிர உயரத்தைக் கூட்டாதீர்கள். முடிந்ததும் ஸ்டூலின்மேல் பலகை போட்டு 25 கிலோ அரிசிச் சிப்பம் நான்கை அடுக்கி ஓர் இரவு விடுங்கள். காலையில் நான்கு மூலையின் உயரத்தையும் அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் 2 மி.மீ.க்குமேல் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்துக் காடியைப் பிரித்துப் பாருங்கள், அங்கே நெளி நசுங்கியிருக்கும்.

முழுப் பலகையாகவே ஒட்டி வளைவான நாற்காலி செய்யும் வழியும் உண்டு. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி 1972இல் அப்படி ஒரு வளைவு நாற்காலி செய்தார். ஏறக்குறைய 60 அடுக்கு நெளி அட்டை. வெளிப்பக்கங்களுக்கு மட்டும் ஹார்டுபோர்டு. அழகு அபாரம். ஆனால் அட்டையும் பசையும் ஏராளமாகத் தின்னும், வீட்டுக்குச் செய்ய நான் சொல்லமாட்டேன்.

ஒட்டுவதற்கு மைதாப் பசையா, பெவிகாலா? – ஒரு வாசகர், பெரம்பூர்

சுமை தாங்கும் இணைப்புக்குப் பெவிகால் போன்ற வெள்ளைப் பசை. மேலே அலங்காரத் தாள் ஒட்ட மைதாப் பசை. மைதாப் பசையில் தண்ணீர் அதிகம் என்பதால் அட்டையின் ஒரு முகத்தில் மட்டும் தடவினால் காயும்போது அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். எதிர்முகத்திலும் ஒரு தாள் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சரியாகிவிடும். ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்துச் சிறுதீயில் கண்ணாடி போல வரும்வரை கிளறுங்கள். பைண்டிங் கடைகளில் பூச்சிக்காக மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தைகள் புழங்கும் சாமானில் வேண்டாம். கரப்பானும் ராமபாணப் பூச்சியும் மாவுக்குத்தான் வருகின்றன என்பதால், சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரியில் மைதாவைத் தவிர்ப்பது நல்லது.

வெள்ளைப் பசையையும் கொட்டாதீர்கள். பழைய பிளாஸ்டிக் கார்டால் மெல்லியதாக வழித்துப் பரப்புங்கள். கூடினால் மேல்தாள் ஊறி, உள்ளே இருக்கும் நெளியின் வரிகள் துணி துவைக்கும் பலகை மாதிரி வெளியே தெரியும். மேலே பலகை வைத்து, 20 லிட்டர் தண்ணீர் கேனை ஏற்றி 24 மணி நேரம் விடுங்கள். மழை நாளில் 48.

துணிக்கடையில் தூக்கிப்போடும் காகிதக் குழாய்கள் நிறையக் கிடைக்கின்றன. இதில் ஜப்பானில் வீடே கட்டியதாகப் படித்தேன். மொட்டை மாடியில் பந்தல் போடலாமா? – ஒரு வாசகர், அம்பத்தூர்

மாடிப் பந்தல் வேண்டாம். நீங்கள் படித்தது ஷிகெரு பான் என்ற கட்டடக் கலைஞரின் வேலையாக இருக்கும். 1995 கோபே பூகம்பத்துக்குப் பிறகு 106 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. கனமும் உள்ள காகிதக் குழாய்களைச் சுவராக நிறுத்தி அகதிகளுக்கு வீடு கட்டினார். அடித்தளம், மணல் மூட்டை நிரப்பிய பீர் கிரேட்டுகள். 2001இல் குஜராத்தின் புஜ்ஜிலும் கட்டினார். அங்கே இடிந்த கட்டடங்களின் கல்லையே அடித்தளமாக்கி, மேலே மண்தரை மெழுகினார்கள். அந்த வீடுகளில் குழாயின் கால் தரை ஈரத்தைத் தொடவில்லை, தலைக்குமேல் கூரை இருந்தது. 2013இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் கட்டிய தேவாலயத்திலோ குழாய்களுக்குள்ளே மர உத்தரங்களையும் செருகினார்கள். ஒரு பூச்சும் இல்லாத துணிக்கடைக் குழாய், திறந்த மாடியில், புயல் காலத்தில் காற்றையும் மழையையும் ஒருசேர வாங்கினால் சுற்றிய தாள் சுருள் சுருளாகப் பிரிந்துவிடும். காற்றில் பந்தல் பறந்து பக்கத்து வீட்டில் விழுந்தால் ஆபத்து.

வீட்டுக்குள் தடுப்புக்கும் புத்தக அலமாரியின் கால்களுக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். குழாய் நிற்கும்போது பலசாலி, படுக்கும்போது இல்லை. தாங்கல் இல்லாமல் 60 செ.மீ.க்குமேல் குறுக்கே போடாதீர்கள். ஆணியும் ஸ்குரூவும் நேரடியாகக் காகிதத்தில் பிடிக்காது, நாலு முறை ஆட்டினால் ஓட்டை பெரிதாகிவிடும். 18 மி.மீ. பிளைவுட்டில் உள்விட்டத்துக்கு மூன்று வட்டம் வெட்டி, ஒன்றாக ஒட்டி, குழாயின் வாயில் பசையோடு இறக்குங்கள். குழாய்க்கு நடுவில் இணைப்பு வந்தால் 6 மி.மீ. போல்ட்டைக் குறுக்கே விட்டு, இரு பக்கமும் அகலமான வாஷர் போடுங்கள். துளை, முனையிலிருந்து 5 செ.மீ.க்குக் குறையாமல் உள்ளே இருக்கட்டும்.

முறத்துக்குக் காகிதக்கூழ் பூசும்போது வெந்தயம் அரைத்துச் சேர்ப்பார்களே, எதற்கு? – ஒரு வாசகி, தாம்பரம்

பசைக்காகத்தான். ஊறிய வெந்தயத்தின் வழவழப்பு, காய்ந்ததும் காகித நார்களைக் கட்டிப் பிடிக்கும். நாரைப் பொடியாக்கிவிடாமல், இரண்டு நாள் ஊறவைத்துக் கையால் பிசையுங்கள். மிக்ஸியில் மாவாக அரைத்த கூழ் காயும்போது வெடிக்கும். ஒரு பூச்சு 3 மி.மீ.க்குமேல் வேண்டாம், அது நன்றாக உலர்ந்த பிறகே அடுத்தது. கார்த்திகையில் ஆரம்பித்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பங்குனி, சித்திரை வெயில்தான் இதற்குச் சரி.

புது அட்டை வாங்கும்போது என்ன கேட்கவேண்டும்? வீணானதைப் பழைய பேப்பர் கடையில் எடுப்பார்களா? – ஒரு வாசகர், திருவான்மியூர்

பிளை எத்தனை, ஒவ்வொரு தாளும் எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), பர்ஸ்ட் ஃபாக்டர் (எடைக்கு ஏற்ப, கிழியாமல் அழுத்தம் தாங்கும் அளவு) எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள். பழைய பெட்டி வாங்கினால் மடிப்புக்கோடு வராத இடத்திலிருந்து மட்டும் பலகை வெட்டுங்கள், மடிந்த நெளி மறுபடி நிமிராது. வெட்டியதில் மிஞ்சிய வெறும் அட்டையைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். டேப்பை உரித்து, நனையாமல் கட்டிக் கொடுங்கள். பாலிஷ், வார்னிஷ் ஏறிய துண்டுகளை அதோடு கலக்காதீர்கள். அவை தண்ணீரில் கூழாகாது.